காய்ச்சலின் வழியைக் கண்டவர்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பல, பேகம்பேட்டையைக் கடந்தே நாள்தோறும் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் சென்று வருகின்றன. பழைய விமான நிலையத்துக்கு அண்மையில் அங்கே ஒரு பழங்காலக் கட்டடம் இருப்பதை நம்மில் எத்தனை பேர் ஏறிட்டுப் பார்த்திருப்போம் என்பது ஐயமே. உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அக்கட்டடத்துக்குச் சர் ரொனால்டு ராஸ் என்பாரின் பெயர் வழங்குகிறது. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள், செகந்தராபாத்தின் புழுக்கத்தில், வியர்வை சொட்டச் சொட்ட ஒரு கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அன்று பகல் அவர் கண்ணிற் பட்டது, மனித குலத்தை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாட்டி வந்த ஒரு நோயின் இரகசியம். மாலை ஆறு மணியானதும் சன்னல்களை அடைத்துக் குழந்தைகளுக்குக் கொசுவலை கட்டும் நம் இல்லத்தரசிகள் ஒவ்வொருவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்களே. அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுத நாம் முற்பட்டதற்கு இந்த அண்டை வீட்டு உறவே காரணம்.

ராஸ் பிறந்ததும் இந்திய மண்ணிலேதான். இமயத்தின் அடிவாரத்து அல்மோராவில் 1857-ஆம் ஆண்டு மே மாதம் 13-ஆம் நாள் பிறந்தார். மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. தந்தை இந்தியப் படையில் அதிகாரி. பின்னாளில் தளபதியாக உயர்ந்தவர். பத்துக் குழந்தைகளில் மூத்தவரான ரொனால்டு, எட்டு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

மருத்துவராக வேண்டுமென்ற எண்ணம் அவருக்குச் சிறிதும் இருந்ததில்லை. ஓவியத்திலும் கவிதையிலும் இசையிலும் அவர் மனம் தோய்ந்திருந்தது. தந்தையோ மகனை இந்திய மருத்துவப் பணியில் சேர்த்தே தீருவது என்று உறுதி கொண்டிருந்தார். 1874-இல் இலண்டனிலுள்ள செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் மாணவராகச் சேர்ந்த ராஸ், பாடநூல்களைவிட நாடகங்களையும் செய்யுள்களையுமே மிகுதியாக எழுதிப் பொழுதைக் கழித்தார். தேர்வு ஒன்றில் தவறினார். அட்லாண்டிக் கடலில் ஓடும் கப்பலொன்றில் மருத்துவராகச் சில காலம் உழன்றார். பிறகு ஒருவாறு தேறி 1881-இல் இந்தியப் பணியில் அமர்ந்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டது சென்னை மாகாணம்.

சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் என்று படைப்பிரிவுகளோடு சுற்றிய அவ்வாண்டுகளில் அவருக்கு வேலை குறைவு, ஓய்வு மிகுதி. அந்த ஓய்வில் கணிதம் பயின்றார், கதைகள் புனைந்தார். 1883-இல் பெங்களூரில் குடியிருந்தபோது நடந்த சிறு நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. அவருடைய அறையில் மட்டும் கொசுத் தொல்லை மிகுந்திருந்தது. சன்னலுக்கு வெளியே வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிவதைக் கண்டு அதைக் கவிழ்த்தார், தொல்லை குறைந்தது. மற்றத் தொட்டிகளையும் கவிழ்த்துவிடலாமே என்று படை அதிகாரி ஒருவரிடம் சொன்னபோது, அது இயற்கையின் ஒழுங்குக்கு மாறானது என்று அவர் ஏளனம் செய்து தள்ளிவிட்டாராம். கொசு ஒழிப்பைப் பற்றி ராஸ் அரசாங்கத்தோடு நடத்திய நெடும் வழக்கின் முதல் அமர்வு இதுவே எனலாம்.

அந்நாளில் மலேரியாவைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்திருந்தது மிகச் சிறிது. அச்சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே குளிர்காய்ச்சலை உண்டாக்குகிறது என்று பலரும் நம்பினர். 1880-இல் பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான், அல்ஜீரியா நாட்டில், காய்ச்சற்காரர் ஒருவரின் குருதியில் உயிருள்ள நுண்ணிய ஒட்டுயிர்கள் இருப்பதைக் கண்டார். ஆனால் அவை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு எவ்வாறு சென்றன என்பது புதிராகவே இருந்தது. ராஸ் முதலில் லவரானையே நம்பவில்லை. குருதியைப் பலமுறை ஆராய்ந்தும் ஒட்டுயிரைக் காணாததால், இக்காய்ச்சல் குடலில் தோன்றும் கோளாறென்று கட்டுரையும் எழுதினார்!

இந்தப் பிடிவாதத்தை உடைத்தவர் பாட்ரிக் மான்சன். சீன நாட்டில் பணியாற்றி, யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டவர் அவர். 1894-இல் விடுப்பில் இலண்டன் சென்றிருந்த ராசை அழைத்து, நுண்ணோக்கியின் அடியில் லவரானின் ஒட்டுயிரைக் காட்டினார். மலேரியாவையும் கொசுவே சுமக்கலாம் என்ற தம் ஊகத்தையும் சொன்னார். ஊகத்தில் ஒரு பாதி சரி, ஒரு பாதி தவறு. குருதி குடித்த கொசு நீரில் விழுந்து மாள்கிறது. அந்நீரைப் பருகுவோருக்கு நோய் வருகிறது என்று மான்சன் எண்ணியிருந்தார். கொசு கடிக்கும்போதே நோயைத் தருகிறது என்ற எண்ணம் அவருக்கு அப்போது எழவில்லை. எனினும் அந்த ஒரு சந்திப்பு, முப்பத்தேழு வயது வரை எதிலும் நிலைகொள்ளாத மனிதரை ஒரே இலக்கில் நிறுத்திவிட்டது.

1895-இல் ராஸ் செகந்தராபாத் வந்து சேர்ந்தார். அரசாங்கம் இந்த ஆராய்ச்சியை அவரிடம் கேட்கவுமில்லை. அதற்கு ஊதியம் தரவுமில்லை. மருத்துவமனை வேலை முடிந்த பின், தம் கைப்பணத்திலிருந்து ஒரு கொசுவுக்கு ஓர் அணா என்று கொடுத்து, காய்ச்சற்காரர்களைக் கொசு கடிக்கச் செய்தார். அவர்களுள் உசேன்கான் என்பாரின் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது. கொசுக்கள் அவர் குருதியைக் குடித்தன. ராஸ் அக்கொசுக்களை அறுத்தார். மான்சனின் ஊகத்தைச் சோதிக்க, கொசு மாண்ட நீரைச் சிலருக்குப் பருகக் கொடுத்ததும் உண்டு. ஒருவருக்குக் காய்ச்சல் கண்டது. மற்றச் சோதனைகளில் ஒன்றும் விளையவில்லை. இச்செயலை இன்றைய அறநெறி ஏற்காது. அன்று யாரும் கேள்வி எழுப்பவில்லை. பெருமைக்குரியவரின் வரலாற்றை எழுதும்போது இதை மறைப்பது முறையன்று எனக் கருதுகிறோம்.

இரண்டு ஆண்டுகள் வீணே கழிந்தன. அதற்குக் காரணம் எளியது. கொசுக்களில் பல இனங்கள் உண்டு; மனிதருக்குரிய மலேரியா ஒட்டுயிர் அனோபிலிஸ் என்னும் இனத்தில் மட்டுமே வளரும். ராசிடம் கொசு இனங்களை விளக்கும் நூல் ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறக் கொசு, வரிக்கொசு என்று தாமே பெயர் சூட்டிக்கொண்டு, ஒட்டுயிர் வளர முடியாத இனங்களையே நூற்றுக்கணக்கில் அறுத்துக்கொண்டிருந்தார். இடையில் காலரா ஒழிப்பு வேலைக்காகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 1897-இல் விடுப்பெடுத்து நீலகிரி சென்றார். உதகையிலிருந்து இறங்கும் சீகூர்க் கணவாயில் காய்ச்சல் மிகுதி என்று கேள்வியுற்று அங்கே சென்று தங்க, சன்னலை மூடிக் கொசுவலைக்குள் படுத்தும் அவரையே மலேரியா பிடித்துக்கொண்டது. ஆயினும் அந்தப் பயணம் பயனற்றுப் போகவில்லை. மற்றக் கொசுக்களைப் போல் உடலைச் சுவரோடு படிய வைக்காமல், பின்புறத்தைத் தூக்கி உட்காரும் ஒரு புதுவகைக் கொசுவை அவர் அங்கே கண்டார். தேடிய எதிரியின் முகத்தை முதன்முதலாகக் காட்டியது நம் தமிழ்நாட்டு மலைச்சரிவே.

செகந்தராபாத் திரும்பியதும் அதே போன்ற புள்ளிச் சிறகுக் கொசுக்கள் அவருக்குக் கிடைத்தன. முட்டைப் புழுவிலிருந்து அவற்றை வளர்த்து, ஆகஸ்டு 16-ஆம் நாள் உசேன்கானைக் கடிக்கச் செய்தார். பின்னர் ஒவ்வொன்றாக அறுத்தார். விசிறி போட்டால் அறுத்த துணுக்குகள் பறந்துவிடும் என்பதால் பங்காவை இழுக்க விடவில்லை. நெற்றி வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கடைசியாக எஞ்சிய கண்ணாடியிலும் விரிசல். கண்ணைச் சுற்றி ஈக்கள் மொய்த்தன. 20-ஆம் நாள் பகலில், எஞ்சிய சில கொசுக்களுள் ஒன்றின் இரைப்பைச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு, இதற்கு முன் எந்தக் கொசுவிலும் காணாத வட்டமான ஓர் உயிரணு தென்பட்டது. அதனுள் கருநிறத் துகள்கள். மலேரியா ஒட்டுயிரில் மட்டுமே உள்ள அதே துகள்கள்! மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதே உயிரணுக்கள் ஒரு நாளில் பருத்திருந்தன. அப்படியானால் அவை கொசுவின் உடலில் உயிரோடு வளர்கின்றன. வேறு சான்று வேண்டுவதில்லை. அன்று மாலை அவர் தம் மகிழ்ச்சியைக் கவிதையாக எழுதி மனைவிக்கு அனுப்பினார் என்பர். உலகெங்கும் ஆகஸ்டு 20 கொசு நாளாக இன்றும் நினைக்கப்பட்டு வருகிறது.

இத்தகைய வெற்றியை அடைந்தவருக்கு அரசாங்கம் அளித்த பரிசு யாது தெரியுமா? சில வாரங்களில் இராஜபுதனத்தில், மலேரியாவே இல்லாத கேர்வாரா என்னும் ஊருக்கு இடமாற்றம்! ராஸ் துடித்துப் போனார். இலண்டனிலிருந்து மான்சன் செய்த முயற்சியால் 1898-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவரைக் கல்கத்தாவில் ஆராய்ச்சிக்கென்றே அமர்த்தினார்கள். காலம் ஆறு மாதம். இடம் பிரசிடென்சி பொது மருத்துவமனையை ஒட்டிய சிறு ஆய்வுக்கூடம்.

கல்கத்தாவில் அப்போது பிளேக் நோயைப் பற்றிய பீதி பரவியிருந்தது. வெள்ளைக்கார மருத்துவர் ஊசியோடு வந்தால் ஏழை மக்கள் அஞ்சி ஓடினர். விரலைக் குத்திக் குருதி எடுக்க யாரும் இசையவில்லை. எனவே ராஸ் பறவைகளிடம் திரும்பினார். சிட்டுக்குருவிக்கும் காகத்துக்கும் வானம்பாடிக்கும் அவற்றுக்கே உரிய மலேரியா உண்டு. அதைச் சுமப்பது சாம்பல் நிறக் கொசு. முகம்மது பக்ஷ் என்னும் உதவியாளர் கொசுக்களைத் திரட்டி வளர்த்து, பறவைகளைக் காத்து, ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். கிஷோரி மோகன் பந்தோபாத்தியாய என்னும் வங்க இளைஞரும் துணை நின்றார். அவருக்குப் பின்னர் 1903-இல் மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

நாளுக்கு நாள் ராஸ் ஒட்டுயிரைப் பின்தொடர்ந்தார். கொசுவின் இரைப்பைச் சுவரில் தோன்றிய உருண்டை பருத்தது, முற்றி வெடித்தது, உள்ளிருந்து ஊசி போன்ற நுண்ணிய இழைகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டுக் கொசுவின் உடலெங்கும் மிதந்தன. அங்கிருந்து அவை எங்கே செல்கின்றன? ஜூலை முதல் வாரத்தில் விடை கிடைத்தது. கொசுவின் தலையை ஒட்டியிருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் அவ்விழைகள் செறிந்து கிடந்தன. கொசு கடிக்கும்போது உமிழ்நீரை ஊட்டிய பின்னரே குருதியை உறிஞ்சுகிறது. ஆகவே நோய் நீரினாலுமில்லை, காற்றினாலுமில்லை, கடியினாலேயே வருகிறது. இதை உறுதி செய்ய, நலமான 28 குருவிகளை அக்கொசுக்களிடம் விட்டார். 22 குருவிகளுக்கு நோய் கண்டது. செய்தி தந்தியில் மான்சனுக்குச் சென்றது. அம்மாத இறுதியில் எடின்பரோ நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் அவர் அதை அறிவித்தார்.

ராசின் வாழ்க்கையை இங்கே சிறிது நிறுத்திவிட்டு அந்த ஊசி இழைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியவர்களாக இருக்கிறோம். ஏனெனில் அவர் கல்கத்தாவில் கண்டு விட்டுச் சென்ற இடத்திலிருந்துதான் நம் காலத்து மலேரியாத் தடுப்பு மருந்து தொடங்குகிறது.

அவ்விழைக்கு ஸ்போரோசோயிட் என்பது அறிவியல் பெயர். ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு நீளம். கொசு கடித்ததும் தோலில் இறங்கும் அது, குருதிக் குழாயைத் தேடிப் புகுந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஈரலை அடைந்துவிடுகிறது. ஈரலில் ஒளிந்திருந்து ஒன்று பல்லாயிரமாகப் பெருகி, ஒரு வாரத்துக்குப் பின் குருதியில் பாய்கிறது. அப்போதுதான் குளிரும் காய்ச்சலும். நோயைத் தொடக்கத்திலேயே மறிக்க வேண்டுமாயின் ஈரலுக்குள் நுழையுமுன் அந்தச் சிறு குழுவை மறிக்க வேண்டும். உள்ளே நுழைந்த பின் பிடிப்பது அரிது.

மறிக்கலாம் என்பதை முதலில் காட்டியவர் ரூத் நுசென்ஸ்வைக் என்னும் பெண்மணி. வியன்னாவில் பிறந்து, பிரேசிலில் வளர்ந்து, நியூயார்க்கில் பணியாற்றியவர். 1967-இல் ஊசி இழைகளை எக்ஸ் கதிரால் நலிவுறச் செய்து எலிகளுக்குச் செலுத்தினார். பின்னர் வீரியமுள்ள இழைகளைச் செலுத்தியபோது அவ்வெலிகள் நோய்க்கு ஆளாகவில்லை. மனிதரிடமும் இம்முறை பலித்தது; ஆனால் ஒருவர் காப்புப் பெறக் கதிர்வீச்சுக்குள்ளான கொசுக்களிடம் ஆயிரம் கடி வாங்க வேண்டியிருந்தது. இஃது ஊருக்கெல்லாம் தரக்கூடிய மருந்தாகுமா? ஆகவே, உடல் அவ்விழையில் எதை அடையாளம் கண்டு எதிர்க்கிறது என்ற ஆராய்ச்சி தொடங்கியது. காப்புப் பெற்ற விலங்கின் குருதிநீரை உயிருள்ள இழைகளோடு கலந்தபோது, பாம்பு சட்டையை உரிப்பது போல இழை தன் மேற்போர்வையை உரித்துவிட்டதைக் கண்டனர். எதிர்க்கப்பட்டது அந்தப் போர்வையே.

போர்வை ஒரே வகைப் புரதத்தால் செறிந்தது. ஊசி முழுவதையும் மூடிக்கொண்டிருக்கும் அதற்குச் சர்க்கம்ஸ்போரோசோயிட் புரதம் என்று பெயர் வைத்தனர். 1984-இல் அதன் மரபணுவைப் படித்தறிந்தபோது வியப்பான செய்தி ஒன்று வெளிப்பட்டது. ஏறத்தாழ நானூறு அமினோ அமிலங்கள் கோத்த மாலை அது. அதன் நடுப்பகுதியில் அஸ்பராஜின், அலனைன், அஸ்பராஜின், புரோலின் என்னும் நான்கு மணிகள் அதே வரிசையில் ஏறத்தாழ நாற்பது முறை திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே அடியை ஓயாமல் பாடும் பல்லவி போன்றது என்று சொன்னால் நம் சங்கீத ரசிகர்களுக்கு எளிதில் விளங்கும். பெரும்பாலான புரதங்கள் குறிப்பிட்ட ஒரு வடிவில் மடிந்து நிற்கும். இந்த நடுப்பகுதியோ உறுதியான வடிவமின்றி நெகிழ்ந்து ஆடுகிறது. நம் குருதியின் எதிர்ப்பொருள் பற்றியபோது மட்டும் அந்த நான்கு மணிக் கோவை ஒரு வளைவாகத் திரும்பி அதன் பிடிக்குள் பொருந்துகிறது என்பதைப் படிக ஆராய்ச்சி காட்டியுள்ளது. வால்பகுதியோ ஒழுங்காக மடிந்தது. அதன் வடிவம் 2012-இல் எக்ஸ் கதிர்ப் படிக முறையால் துலக்கமாயிற்று. கொழுப்பால் அமைந்த ஓர் ஆணி அதை ஊசியின் தோலோடு பிணைத்திருக்கிறது.

இப்புரதத்தின் நடுப்பகுதியில் ஒரு துண்டையும் வாலையும் எடுத்து, மஞ்சட்காமாலை வகையொன்றைத் தரும் ஹெபடைடிஸ் பி வைரசின் மேற்புரதத்தோடு ஒட்டி, ஈஸ்டுக் காளானில் வளர்த்து ஆக்கியதே ஆர்.டி.எஸ்.எஸ். என்னும் தடுப்பு மருந்து. 1980-களின் இறுதியில் தொடங்கிய வேலை. 2009 முதல் 2014 வரை ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்தனர். நான்கு முறை ஊசி போட்டுக்கொண்ட சற்று வளர்ந்த குழந்தைகளிடம் நோய்த் தாக்குதல்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைந்தன. அம்மையை ஒழித்த ஊசியோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆயினும் 2023-ஆம் ஆண்டில் மட்டும் மலேரியாவுக்கு 5,97,000 பேர் பலியாயினர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவின் பச்சிளங்குழந்தைகள். அந்த வீடுகளில் மூன்றில் ஒன்று என்பது சிறு கணக்கன்று. 2021-இல் அந்நிறுவனம் இம்மருந்தைப் பரிந்துரைத்தது. 2023-இல் அதே புரதத்தை இன்னும் செறிவாக அமைத்த ஆர்-21 என்னும் இரண்டாவது மருந்தையும் ஏற்றது. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தார் வடித்த அதைத் தயாரித்தளிப்பது புனாவிலுள்ள சீரம் இன்ஸ்டிட்யூட். இரண்டுமே பால்சிபாரம் என்னும் கொடிய வகைக்கு எதிரானவை. நம் நாட்டில் பரவலாகக் காணும் வைவாக்ஸ் வகையின் போர்வையில் நடுப்பகுதியின் மணிக்கோவை வேறு. ஆகவே அதற்கு இவை பயன்படா. இங்கே கொசுவலைக்கும் தொட்டியைக் கவிழ்ப்பதற்கும் இன்னும் ஓய்வில்லை.

மீண்டும் ராசிடம் வருவோம். 1898-இன் இறுதியில் அவரை அசாமுக்குக் காலா அசார் நோயை ஆராய அனுப்பிவிட்டார்கள். மனிதருக்குரிய ஒட்டுயிரையும் கொசுவில் இறுதிவரை பின்தொடர வேண்டும் என்ற அவர் ஆசை நிறைவேறவில்லை. அதே மாதங்களில் இத்தாலியில் கிராசி என்பாரும் அவருடைய தோழர்களும் அனோபிலிஸ் கொசுவில் மனித மலேரியாவின் முழுச் சுற்றையும் காட்டிவிட்டனர். இருவருக்கும் மூண்ட வழக்கு வாழ்நாள் முழுவதும் தீரவில்லை. 1902-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ராஸ் ஒருவருக்கே அளிக்கப்பட்டது; கிராசியின் மனம் புண்பட்டது. வழியைத் திறந்தவர் ராஸ். மனிதரிடம் முழுமையாகக் காட்டியவர் கிராசி. இருவருக்கும் உரிய பங்கை ஒப்புக்கொள்ள ராசுக்கு மனம் வரவில்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம். தம்மை ஆளாக்கிய மான்சனிடமே பிற்காலத்தில் அவர் மனக்கசப்புக் கொண்டார். நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதி வளர்த்த நட்பு அது.

1899-இல் இந்தியாவை விட்டு நீங்கி லிவர்பூலில் வெப்பநாட்டு மருத்துவம் கற்பித்தார். சியரா லியோன், இஸ்மாயிலியா, மொரிஷியஸ் ஆகிய இடங்களுக்குச் சென்று கொசு ஒழிப்பைத் திட்டமிட்டார். பெங்களூர் ஓய்வில் பயின்ற கணிதம் இப்போது கைகொடுத்தது. கொசுக்களை முற்றும் அழிக்க வேண்டுவதில்லை. அவற்றின் தொகை ஓர் எல்லைக்குக் கீழ் இறங்கினாலே நோய் தானாக மங்கிவிடும் என்று சமன்பாடுகளால் நிறுவினார். தொற்றுநோய்களைக் கணக்கிட்டு ஆராயும் இன்றைய துறைக்கு இது கால்கோள். தம் கண்டுபிடிப்புகளுள் இதையே அவர் பெரிதாக மதித்தார். உலகமோ கொசுவின் வயிற்றையே நினைவில் வைத்துக்கொண்டது.

1911-இல் அவருக்குச் சர் பட்டம் வந்தது. பணம் வரவில்லை. அம்மைக்கு ஊசி கண்ட ஜென்னருக்கு நாடாளுமன்றம் முப்பதாயிரம் பவுன் வழங்கியதைச் சுட்டி, தமக்கும் ஈடு செய்ய வேண்டுமென்று அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தார். பயனில்லை. 1914 ஆகஸ்டில், போர் தொடங்கிய சில வாரங்களுக்குள், மூத்த மகன் பிரான்சுக் களத்தில் மாண்டான். 1923-இல் தம் நினைவுகளை நூலாக எழுதி வெளியிட்டார். அதற்கு இலக்கியப் பரிசு கிடைத்தது. இளமையில் எழுத்தாளராக விரும்பியவருக்கு அந்தப் பரிசு எவ்வளவு இனித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1926-இல் இலண்டனை அடுத்த பட்னியில் அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையமும் மருத்துவமனையும் திறக்கப்பட்டன. மறு ஆண்டு சனவரியில் அவர் மீண்டும் இந்தியா வந்தார். கல்கத்தா மருத்துவமனை வாயிலில், அவருடைய கண்டுபிடிப்பைப் பொறித்த நினைவு வளைவு அவர் முன்னிலையிலேயே திறக்கப்பட்டது. ஆறு மாதம் என்று எண்ணி எண்ணி இடம் கொடுத்த அதே ஊர். இவ்வளவு சிறப்புகளுக்கிடையே அவர் குடும்பம் பணமுடையில் இருந்தது. 1928-இல் தம் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் விற்க விரும்புவதாகப் பத்திரிகையில் வெளிப்படையாக அறிவித்தார். ஹூஸ்டன் சீமாட்டி என்பார் 2,000 பவுன் கொடுத்து அவற்றை வாங்கினார்.

1931-இல் மனைவி ரோசா மறைந்தார். ஓராண்டு சென்று, 1932 செப்டம்பர் 16-ஆம் நாள், தம் பெயர் தாங்கிய மருத்துவமனையிலேயே, நெடுநாள் நோயும் ஆஸ்துமாவும் வருத்த ராஸ் காலமானார். பட்னி வேல் இடுகாட்டில் மனைவியின் கல்லறைக்கு அருகே அவரை அடக்கம் செய்தனர். விலைக்குப் போன தாள்களில் பெரும்பகுதி இன்று இலண்டனிலும் கிளாஸ்கோவிலும் பத்திரமாக உள்ளது. செகந்தராபாத்திலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் மான்சனுக்கு எழுதிய கடிதங்கள் அவற்றுள் உண்டு.